கட்டியங்காரன் இல்லாத கூத்து

ஏண்டா பேராண்டி, சந்தவாசல் கூட்ரோட்டுல கடை புடிச்சிட்டியாமே? செல்போன் கடையோன்னு நெனச்சேன். உங்க ஆயா சொல்றா, விஆர் ரூமாம். நாலஞ்சு பேரு ஒண்ணா உள்ள பூந்து, மூஞ்சில பொட்டி மாட்டிகினு, காத்துல படம் வரையறதாம். வரைஞ்ச படத்துக்குள்ளயே நடந்து போறதாம். நல்லாத்தான் இருக்குது. ஆடி வெள்ளிக்குப் படவேடு வர்ற சனத்துல பாதி நம்ம ஊரு வழியாத்தான் திரும்புது. ரேணுகாம்பாளைக் கும்பிட்டுட்டு வர்றவன் பத்துல ஒருத்தன் உன் கடைப்பக்கம் ஒதுங்கினாலும் கடன் அடைஞ்சிடும்னு கணக்குப் போட்டிருப்ப. கணக்குல நீ எப்பவுமே கெட்டி. வாத்தியாருங்கதான் ஒத்துக்கல.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கினவன். ஆனா நீ ராத்திரியெல்லாம் போனை வெச்சிகினு எனக்குப் படிச்சுக் காட்டினியே, அதுல பாதி என் காதுல நின்னுப்போச்சு. நீ படிச்சதை நீ மறந்துட்ட. அதையே இப்ப உனக்குத் திருப்பிச் சொல்றன். புதுசாட்டம் கேட்டுக்க.

மொதல்ல அந்த சிகாகோ சமாச்சாரம். 1992ல இல்லினாய் யுனிவர்சிட்டில படிச்சிகினு இருந்த கரோலினா குரூஸ்-நெய்ரான்னு ஒரு பொண்ணு, கூட டான் சாண்டின், டாம் டிஃபான்டின்னு ரெண்டு வாத்தியாருங்க, மூணு பேருமாச் சேர்ந்து பத்தடிக்குப் பத்தடில ஒரு ரூம் கட்டினாங்க. மூணு செவுத்துலயும் தரையிலயும் படம். செவுத்துக்குப் பின்னாலேருந்து அடிச்சு விடறான், உள்ள நிக்கறவன் நெழலு விழக்கூடாதுன்னு. கண்ணுல ஒரு கண்ணாடி, அது வலது கண்ணையும் எடது கண்ணையும் மாத்தி மாத்தி மூடும். ரெண்டு கண்ணுக்கும் வேற வேற படம் போறதால, படம் செவுத்தை விட்டு எறங்கி நடு ரூம்ல வந்து நிக்கும். கேவ்னு பேரு வெச்சாங்க, குகை. இன்னைக்கு உலகத்துல பத்துப் பேரு கூடி நிக்கற விஆர் ரூம் பூரா அந்த ரூமோட வாரிசுதான்.

இதுல இருக்கற சூட்சுமத்தை நீ படிச்சப்பவே நான் சிரிச்சேன், ஏன் தாத்தா சிரிக்கறன்னு கேட்ட. உள்ள பத்துப் பேரு நிக்கலாம். ஆனா மெசினு ஒரே ஒரு தலையைத்தான் பார்க்கும். அந்த ஒருத்தன் குனிஞ்சா படம் அவனுக்கேத்த மாதிரி மாறும், எட்டிப் பார்த்தா தூணுக்குப் பின்னால இருக்கறது தெரியும். மத்த ஒன்பது பேரும் அவன் கண்ணால பார்க்கணும். அவங்களுக்குத் தூணு கோணலா நிக்கும், தரை சாயும், கொஞ்ச நேரத்துல தலை சுத்தும். நம்ம கிராமசபைக் கூட்டம் மாதிரி. கூடறது எல்லாரும், தெரியறது தலைவருக்கு மட்டும், கோணலா இருக்குதுன்னு யாராவது சொன்னா ‘நீ நிக்கற எடம் சரியில்ல’ம்பான்.

குகைக்கு சிகாகோ வரைக்கும் எதுக்குப் போறது? போளூருக்குப் பக்கத்துல திருமலை இருக்குது. ராஜராஜனோட அக்கா குந்தவை பேருல ஒரு ஜினாலயம், மலைச் சரிவுல பாறையிலேயே செதுக்கின நேமிநாதர், ரொம்ப நெட்டையா நிக்கறாரு. பாறைக்கு அடியில சின்னச் சின்ன அறைங்க, அதுக்குள்ள பழைய ஓவியம். அதுல ஒண்ணு பெரிய சக்கரமாட்டம் இருக்கும், சமவசரணம்னு சொல்றாங்க. தீர்த்தங்கரரு நடுவுல உக்காந்து உபதேசம் பண்றாரு. சுத்தி தேவரு, மனுசன், மிருகம் எல்லாரும் வட்டமா உக்காந்து கேக்கறாங்க. சமணருங்க சொல்ற விசேசம் இன்னான்னா, அவரு பார்க்கறது கெழக்கு. ஆனா நாலு பக்கமும் இருக்கறவங்களுக்கும் அவரு மூஞ்சி நேரா தன்னையே பார்க்கற மாதிரித் தெரியுமாம். பேசறது ஒரே சத்தம், கேக்கறவனுக்கு அவனவன் பாஷை. முதுகைப் பார்த்துகினு உக்கார்ந்தவன்னு அந்தச் சபையில ஒருத்தன்கூட கெடையாது.

பார்த்தியா? சிகாகோக்காரனுக்குக் கைக்கு வராத சங்கதியை நம்ம பக்கத்துல பாறைக்கு அடியில எழுதி வெச்சிட்டுப் போயிட்டான். செஞ்சு காட்டலை, அது வேற விசயம். எழுதறதுக்குக் கரென்டு பில்லு வராது இல்ல. செஞ்சு காட்டினவன் ஜெர்மனில வைமார்ங்கற ஊருல இருக்கான். 2011ல ஆறு தலைக்குத் தனித்தனியாப் படம் காட்டற மெசினு ஒண்ணைப் போட்டான். ஆறு பேரும் ஒரே கோபுரத்தைப் பார்த்து அவனவன் நிக்கற எடத்துலேருந்தே கைய நீட்டலாம், எல்லாரு விரலும் ஒரே கலசத்துல போய் முடியும். அதுக்கு ஆன செலவுக்கு நம்ம கூட்ரோட்டையே வாங்கிப் போடலாம்னு நெனைக்கறேன். அதனால நீ அந்த வழிக்குப் போவல, பொட்டி மாட்டற வழிக்கு வந்துட்ட. சரி.

பொட்டி மாட்டினா தலைக்குத் தலை சரியான படம். அது உண்மை. ஆனா ஒண்ணு கெடைச்சா ஒண்ணு போவும். பக்கத்துல நிக்கற மச்சான் மறைஞ்சிடறான். அவனுக்குப் பதிலா ஒரு பொம்மைத் தலையும் ரெண்டு கையும் மெதக்குது. காலு கெடையாது. நம்ம ஊருல காலு இல்லாதது யாருக்குன்னு உனக்குத் தெரியும். ஜவ்வாது மலை மேலேருந்து சாமை மூட்டை விக்க எறங்கி வர்ற பெரியவரு ஒருத்தரை உள்ள விட்டு, ‘தோ பாருங்க உங்க பேரன்’னு காலு இல்லாத ஒண்ணைக் காட்டினா, அவரு பொட்டியோடவே பஸ்ஸேறிடுவாரு. பொட்டி உன்னுது.

வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்களே இந்த எடத்துல தட்டுத் தடுமாறித்தான் வந்திருக்காங்க. 1995ல கனடாவுல ஷார் டேவீஸ்னு ஒரு அம்மா ‘ஆஸ்மோஸ்’னு ஒண்ணு செஞ்சாங்க. மூச்சை உள்ள இழுத்தா படத்துக்குள்ள மேல போவலாம், வெளிய விட்டா கீழ எறங்கலாம், சாய்ஞ்சா அந்தப் பக்கம் போவலாம். மரத்துக்குள்ள, எலைக்குள்ள, மண்ணுக்குள்ள பூந்து வரலாம். கையில பொத்தானே கெடையாது. எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் புடிச்சுது. ஆனா உள்ள போவறது ஒரு சமயத்துல ஒருத்தர்தான். மத்தவங்க? வெளிய உக்காருவாங்க. ஒரு திரையில உள்ள இருக்கறவரு நெழலு தெரியும், இன்னொரு திரையில அவரு பார்க்கறது தெரியும். பாவைக்கூத்துப் பார்த்த சனத்துக்கு இதுல ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா அந்த அம்மாவுக்கு யோசனை வந்துதே, அதுதான் பெரிசு. வெளிய காத்துகினு இருக்கறவனும் டிக்கெட்டு வாங்கினவன்தான்னு புரிஞ்சுகினவங்க. நீ உன் கடையில வெளிய இன்னா வெச்சிருக்க? நாலு பிளாஸ்டிக் சேரு, ஒரு வாட்டர் கேனு. மொதல்ல உள்ள நடக்கறதைக் காட்டற ஒரு டிவியை வாசல்ல மாட்டு. உள்ள இருக்கறவன் கையைக் காத்துல வீசறதைப் பார்த்து வெளிய சிரிப்பானுங்க. சிரிக்கட்டும். சிரிக்கறவன்தான் அடுத்து காசு குடுப்பான்.

அப்புறம் அந்த ஹம்பி சமாச்சாரம், அது நம்ம பக்கத்துக் கர்நாடகா. ஜெஃப்ரி ஷா, சாரா கெண்டர்டைன்னு ரெண்டு பேரு ஹம்பி கோயிலையும் பாறையையும் சுத்திச் சுத்திப் படம் புடிச்சு ‘பிளேஸ்-ஹம்பி’ன்னு செஞ்சாங்க. 2006ல மொதல்ல பிரான்சுல காட்டினது. அப்புறம் பல்லாரி பக்கத்துல தோரணகல்லுலயே ஒரு அருங்காட்சியகத்துல கொண்டாந்து வெச்சாங்க. வட்டமான திரை, நடுவுல சுத்தற மேடை. மேடையில ஒருத்தன் நின்னு திருப்பினா படம் திரும்பும், பாறைக்கு நடுவுல புள்ளையாரும் அனுமாரும் உயிரோட வருவாங்க. மத்த சனம் அவன் திருப்பற பக்கம் கூடவே திரும்பணும். இங்கயும் ஓட்டறவன் ஒருத்தன்தான். ஆனா எல்லாரும் ஒரே எடத்துல நிக்கறாங்க, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியுது, ‘அந்தப் பக்கம் திருப்புடா’ன்னு அதட்டலாம். அதட்டறதுக்கு ஆளு இருக்கற எடம்தாண்டா சபை.

சரி, இனிமே உன் கடைக்கு வர்றன். இங்கதான் நீ ஏமாறப் போற.

ஜன்னலை மூடுன்னு சொன்னா, ‘காத்து வேணும் தாத்தா’ம்ப. நம்ம ஊரு சித்திரை வெயிலு உனக்குத் தெரியும். பொட்டிக்குள்ள ரெண்டு லென்சு இருக்குது. வெயிலு அதுல நேரா விழுந்தா, சின்னப் பசங்க பூதக்கண்ணாடியை வெச்சுக் காகிதம் கொளுத்தற கதைதான், உள்ள இருக்கற திரை கருகிப்போவும். கழட்டினவன் ஜன்னலோரத்துல மல்லாக்க வெச்சிட்டு டீ குடிக்கப் போவான், ஒரு டீ நேரம் போதும். இதைக் கம்பெனிக்காரனே காகிதத்துல எழுதித்தான் குடுக்கறான், நீ காகிதத்தைப் பிரிக்கவே இல்ல.

வெயிலு ஆவாதுன்னு ஒரேயடியா இருட்டாவும் வெக்காத. அந்தப் பொட்டிக்கு வெளிப்பக்கம் காமிரா கண்ணு இருக்குது. அது செவுத்தைப் பார்த்து, மூலையைப் பார்த்து, மேசையைப் பார்த்துத்தான் ‘நான் எங்க நிக்கறேன்’னு கண்டுபுடிக்குது. இருட்டுல அதுக்குத் தெரியாது. நீ வேற அழகா வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்க. வெறும் வெள்ளைச் செவுரும் அதுக்கு ஆவாது, புடிச்சுக்கறதுக்கு ஒரு புள்ளி வேணும். நிலைக்கண்ணாடி மாட்டினா இன்னும் மோசம், உள்ள இன்னொரு ரூம் இருக்குதுன்னு நம்பிடும். அதனால உங்க அத்தைங்களைக் கூப்புட்டு நாலு செவுத்துலயும் காவியாலயும் கரியாலயும் ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு மாதிரி எதையாச்சும் வரையச் சொல்லு. ஒரே கோலத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டா மெசினு கொழம்பும். நீ டிஜிட்டல் ஓவியம்னு போர்டு மாட்டியிருக்க. அது ஓடணும்னா மொதல்ல கையால செவுத்துல ஓவியம் போடணும். எனக்கு இதுல ஒரு சந்தோசம், மறைக்க மாட்டேன்.

நாலு பேரு ஒரே ரூம்ல நடக்கறாங்கன்னா நாலு பொட்டிக்கும் ஒரே தலைக்கல்லு வேணும். நெலம் அளக்கறவன் மொதல்ல எந்தக் கல்லுலேருந்து சங்கிலி புடிக்கறான்னு பார்க்கறோம் இல்ல, அதேதான். ஒரு பொட்டிக்கு மூலை அங்க, இன்னொண்ணுக்கு மூலை இங்கன்னா, மச்சான் மூணடி தள்ளி நிக்கறதாத் தெரியும், நெசத்துல மூக்குக்கு நேரா நிப்பான். அப்புறம் படத்துல முட்டாதவனுங்க ஆஸ்பத்திரியில முட்டிக்குவானுங்க. காலைல கடை தெறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டறியோ இல்லியோ, நாலு பொட்டியையும் ஒரே எடத்துல நிறுத்தி ஒத்துப்போவுதான்னு பாரு. ரூம் நடுவுல தூணு, ஸ்டூலு, உன் அத்தான் இதெல்லாம் இருக்கக்கூடாது.

மயக்கம். இது பெரிய விசயம், வெளையாட்டா எடுத்துக்காத. கண்ணு ‘ஓடறேன்’ங்குது, காதுக்குள்ள நெலை சொல்ற உறுப்பு ‘நின்ன எடத்துலயே நிக்கறேன்’ங்குது. ரெண்டு சாட்சி ரெண்டு விதமா சொன்னா வயிறு தீர்ப்பு சொல்லிடும். அதனால மொதத் தடவை வர்றவனைப் படத்துக்குள்ள சறுக்கி ஓட விடாத. சொந்தக் காலால ரெண்டு அடி நடக்கட்டும், தூரமாப் போவணும்னா குறிவெச்சுத் தாவட்டும். கதவுகிட்ட ஒரு கேள்வி கேளு: ‘ஜமுனாமரத்தூர் பஸ்ஸுல வளைவு வளைவா ஏறறப்ப உங்களுக்கு வாந்தி வருமா?’ ஆமான்னா அஞ்சு நிமிசம், உக்கார வெச்சு. இல்லன்னா பத்து நிமிசம். எந்த டாக்டரும் இதைவிட நல்லாக் கேக்க மாட்டான். வலிப்பு வர்றவங்க, நெற மாசப் பொம்பளைங்க வேணவே வேணாம். புள்ளைங்க விசயத்துல கம்பெனிக்காரனே பத்து வயசுக்குக் கீழ வேணாங்கறான். ஆறு வயசுப் புள்ளையைத் தூக்கிகினு வந்து ‘எங்க புள்ள கெட்டிக்காரன்’னு சொல்லுவாங்க. கெட்டிக்காரனாவே இருக்கட்டும்னு சொல்லி ஒரு பலூனைக் குடுத்து அனுப்பு.

வேர்வையை மறந்துட்டேன். ஆடி மாசத்துல மொட்டை அடிச்சு, சந்தனம் பூசி, மஞ்சத் தண்ணியோட வர்ற சனம்டா. அந்தச் சந்தனம் பூரா உன் பொட்டி பஞ்சுல ஒட்டிக்கும். பஞ்சை எடுத்துட்டுத் தொடைக்கறாப்புல ரப்பர் உறை போடு. ஒவ்வொருத்தரு கழட்டினதும் தொடை. மெட்ராஸ் ஐ வந்தவன் ஒருத்தன் உள்ள பூந்தான்னா சந்தவாசல்லேருந்து கண்ணமங்கலம் வரைக்கும் கருப்புக் கண்ணாடி விக்கறவன் உன்னைக் கும்புடுவான். லென்சை மட்டும் சாராய வாடை வர்ற தண்ணியால தொடைக்காத, அதுக்கு மெத்துனு காஞ்ச துணி. மூஞ்சில படற எடம் வேற, கண்ணு பார்க்கற எடம் வேற.

பேட்டரி ரெண்டு மணி நேரம்தான் தாங்கும், கரென்டு அதுக்குள்ளயே ரெண்டு தடவை போவும். யூபிஎஸ் வாங்கு. உள்ள இருக்கறவன் நடு மலைமேல நிக்கறப்ப படம் பொசுக்குனு நின்னா, அவனுக்கு மட்டும் ராத்திரி ஆயிடும்.

இதெல்லாம் சாமான் சங்கதி. துட்டு இருந்தா வாங்கிடலாம். நீ வாங்காம விட்டது ஒண்ணு இருக்குது.

நம்ம பக்கத்துல பாரதக்கூத்து நடக்கறப்ப படுகளம் அன்னைக்கு எங்க போவ நீ? ஊரு வெளிய மண்ணைக் கொழைச்சு மல்லாக்கப் படுத்த துரியோதனனைச் செஞ்சு வெப்பாங்க. ஒரு வீட்டைவிட நீளம் அவன். அவனைச் சுத்தி வீமனும் துரியோதனனும் ஓடறாங்க, சனமும் சேர்ந்து ஓடுது. வேசக்காரன் தள்ளி ஒரு மேடையில இல்ல, உன் தோளை இடிச்சிகினு போறான். துடைப்பத்தோட நிக்கற பொம்பளைங்க நெசமாவே அடிக்கறாங்க. அர்ச்சுனன் தபசு அன்னைக்கு அவன் மரத்து மேல ஏறி உக்காந்து எலுமிச்சம்பழம் வீசறான், கீழ புள்ளை வேணும்னு மடியேந்தி நிக்கறா ஒருத்தி. அவளுக்கு அது படமா? பொட்டி எதுவும் மாட்டாம ஊரே உள்ள பூந்து நின்ன ரூம் அது. உன் பொட்டி அரைக் கிலோ கனம், கழுத்து வலிக்குதுன்னு புகார் சொல்றானுங்களாம். கூத்துக்காரன் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிகினு விடிய விடிய ஆடறான்.

அந்த ராத்திரி பூராவும் கலையாம நிக்கறது யாரால? தருமனாலயா, துரியோதனனாலயா? கட்டியங்காரனாலடா. ராஜா திரைக்குப் பின்னால நின்னு பாடறப்ப, வர்றவன் யாருன்னு சனத்துக்குச் சொல்றது அவன். ராஜாகிட்ட ‘நீ யாருய்யா’ன்னு கேக்கறது அவன். தூங்கி வழியறவனை ஒரு கிண்டல் அடிச்சு எழுப்பறது, குடிச்சிட்டு வந்து கூச்சல் போடறவனைப் பாட்டுலயே சேர்த்து உக்கார வெக்கறது, பொண்ணு வேசக்காரன் முடி அவுந்துபோனா அவன் சரிபண்ற வரைக்கும் ஊருக்கதை பேசறது, எல்லாம் அவன்தான். துவாபர யுகத்துக்கும் நம்ம டீக்கடைக்கும் நடுவுல ஒத்தக் காலு அங்க, ஒத்தக் காலு இங்கன்னு நிப்பான். வேசம் கட்டினவங்களுக்கு அவங்கவங்க கதைதான் தெரியும். மொத்தக் களமும் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்.

ஊமைப்படம் வந்த காலத்துலயும் இதேதான். திருச்சில ரயில்வே உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல ஒரு வெள்ளைக்காரன்கிட்ட புரொஜெக்டர் வாங்கி ஊரு ஊராக் கூடாரம் போட்டாரு. அந்தக் காலத்துல திரைக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னு கதையைக் கத்திச் சொல்லுவான். இப்பவும் அதே கதைதான். ஆஸ்திரியாவுல லின்ஸ்னு ஒரு ஊரு, அங்க ஆர்ஸ் எலக்ட்ரானிக்கான்னு ஒரு எடம் இருக்குதுன்னு நீதான படிச்ச? 2009லேருந்து பதினாறு மீட்டருக்கு ஒன்பது மீட்டர்ல செவுத்துலயும் தரையிலயும் படம் ஓட்டறான், சனம் படத்து மேலயே நடக்குது. அம்மாம் பெரிய எடத்துல, மெசினுக்கே காசைக் கொட்டினவன், கூடவே நின்னு வெளக்கம் சொல்றதுக்கு ஆளுங்களைச் சம்பளத்துக்கு வெச்சிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

நீ இன்னா பண்ணியிருக்க? கல்லாவுக்கு ஒரு பையன், அவனும் காதுல ஒயரு. உள்ள போனவன் இன்னா பண்றான்னு அவனுக்குத் தெரியாது, உள்ளேருந்து ‘அண்ணே அண்ணே’ன்னு கத்தினாலும் கேக்காது.

உனக்கு ஒரு ஆளு வேணும். பொட்டி மாட்டாத ஆளு. மாட்டணும்னு ஆசையும் இல்லாத ஆளு. உள்ள இருக்கறவன் செவுத்துப் பக்கம் போனா ‘எடது கைப்பக்கம் திரும்பு சாமி’ன்னு சொல்லணும், ஆனா படம் கலையாத மாதிரி. ‘நீ இப்ப வரையறது யானையா, உங்க மாமனாரா’ன்னு கேட்டு நாலு பேரையும் ஒரே பேச்சுல கட்டணும். ஒருத்தன் பொட்டி மாட்டினதும் கண்ணு தெரியாதவன் ஆயிடறான் இல்ல, அப்ப அவன் பையும் செருப்பும், பொம்பளைப் புள்ளைன்னா அவ மானமும், யாரு பொறுப்பு? வெளிய நிக்கறவன் செல்போன்ல படம் புடிக்கறானான்னு பார்க்கணும். மூஞ்சியைப் பார்த்தே யாருக்கு மயக்கம் வரப்போவுதுன்னு தெரியணும். யாரு குடிச்சிருக்கான், யாரு குடிக்காத மாதிரி நடிக்கறான், எவன் எவனுக்குப் பங்காளி, எந்த ரெண்டு பேரை ஒரே ரூம்ல விட்டா மெய்நிகரும் கைநிகரும் ஒண்ணாயிடும், இதெல்லாம் தெரிஞ்சவனா இருக்கணும். நேரம் முடிஞ்சதும் ‘எறங்கு’ன்னு சொல்றதுக்கு மொகதாட்சண்யம் பார்க்காதவனா இருக்கணும், எம்எல்ஏ வூட்டுப் புள்ளையா இருந்தாலும்.

இப்பிடி ஒரு ஆளை நீ மெட்ராஸ்லேருந்து கூட்டியார முடியாது. உள்ளூர்ல தேடு. கூத்துல கட்டியங்காரன் கட்டின பழைய ஆளு எவனாச்சும் சும்மா உக்கார்ந்திருக்கானான்னு பாரு. வயசானா இன்னா, குரலு இருந்தாப் போதும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன், என் வாயால சொன்னா நல்லா இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் அவரால வர முடியும்னு நெனைக்கறேன், மத்தியானம் தூங்குவாரு. முதுகு சாய்க்கற சேரு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு டீ, சக்கரை கம்மியா. சம்பளம் வாரக்கூலியா வெள்ளிக்கிழமை கையில குடுத்துடு. ஜீபே மட்டும் வேணாம்டா, அந்த நம்பரு உங்க ஆயா போனுல இருக்குது.